விலையும் விருந்தும்

வீட்டை விட்டு வெளியே உண்பது ஒரு காலத்தில் யாத்திரிகர்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் மட்டுமே நேர்ந்த தேவையாக இருந்தது. அவர்களுக்காகச் சத்திரங்கள் இருந்தன. மடங்களும் கோயில்களும் அன்னமிட்டன. அன்னம் கொடுக்கத் தக்கது, விற்கத் தக்கதன்று என்ற எண்ணம் பாரத சமுதாயத்தில் ஆழமாக வேரூன்றியிருந்தது. இன்று நிலை வேறு. வேலைக்காகவும் கல்விக்காகவும் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் நாள்தோறும் உணவகத்தையே நம்பி வாழ்கிறார்கள். குடும்பங்கள் ஓய்வு நாளில் ஓட்டலுக்குச் செல்வதை ஒரு மகிழ்ச்சியாகக் கொள்கின்றன.

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. விருந்தோம்பல் என்பது அன்பினால் செய்யப்படுவது. உணவகத்தில் கிடைப்பதோ விலைக்கு வருவது. விலை கொடுத்த பிறகு விருந்து என்ற சொல்லுக்கு அங்கு இடம் உண்டா? பரிமாறுபவரின் புன்னகை ஊதியத்துக்காகச் செய்யப்படும் நடிப்புதானா? உண்பவருக்கு உரிமைகள் மட்டுமே உண்டா, கடமைகளும் உண்டா? நாள்தோறும் கோடிக்கணக்கானோர் ஈடுபடும் ஒரு செயலில் அறம் எங்கே இருக்கிறது என்று அறிவது சிறிய விஷயம் அன்று.

யாருக்குச் சொல்லப்பட்ட உபதேசம்?

விருந்தினரைத் தெய்வமாகக் கருத வேண்டும் என்ற கட்டளை தைத்திரீய உபநிஷதத்தின் சீக்ஷாவல்லியில் வருகிறது. 2000-களில் மத்திய சுற்றுலா அமைச்சகம் இதையே தன் விளம்பர முழக்கமாக்கியதால், உபநிஷதத்தைத் தொட்டுப் பார்க்காதவர்களும் இத்தொடரை அறிவார்கள். காந்தியடிகளின் பெயரால் வழங்கும் வேறொரு வாசகம், வாடிக்கையாளரே கடையின் மிக முக்கியமான விருந்தாளி என்ற பொருளில், எத்தனையோ கடைகளின் சுவரில் தொங்குகிறது.

ஆனால் உபநிஷதம் இதை யாரிடம் சொல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். குருகுலத்தில் கல்வி முடித்து இல்லறம் நோக்கிச் செல்லும் மாணவனுக்கு ஆசிரியர் கூறும் அறிவுரைகளுள் இது ஒன்று. நாளை தன் வீட்டு வாசலில் வந்து நிற்பவனை அவன் எப்படி நோக்க வேண்டும் என்பதே இதன் பொருள். விருந்தினனாகச் செல்பவன், தன்னைத் தெய்வமாக நடத்துமாறு கேட்கலாம் என்று எங்கும் சொல்லப்படவில்லை.

இந்த வேறுபாடு நுட்பமானது. ஆனால் எல்லாமே இதில்தான் அடங்கியிருக்கிறது. சுவரில் உள்ள வாசகம் உணவகத்தாருக்கு எழுதப்பட்டது. அதைப் படித்துவிட்டு, தாமே தெய்வம் என்று உண்பவர் எண்ணிக்கொண்டால், பிறருக்கு வந்த கடிதத்தை அவர் பிரித்துப் படித்தவர் ஆகிறார். உண்பவருக்கான கடிதமும் அதே உபநிஷதத்தில் இருக்கிறது. பிருகுவல்லியில், அன்னத்தை இகழாதிருப்பதை ஒரு விரதமாகக் கொள்ளுமாறு கூறப்படுகிறது. உணவைப் பெறுபவனுக்கு இதுவே உரிய உபதேசம்.

ஆக, பரிமாறுபவருக்கு ஒன்று, உண்பவருக்கு ஒன்று என இரு கடமைகள் உள்ளன. ஒவ்வொருவரும் தமக்குரியதைப் படித்தால் இருவருக்கும் நன்மை. அடுத்தவருக்கு உரியதைப் படிக்கும்போதுதான் சச்சரவு தொடங்குகிறது.

காத்திருந்த இருவர்

உணவகங்களில் பெரும்பாலான கோபங்கள் காத்திருப்பதில் பிறக்கின்றன. காத்திருந்த விருந்தினர் இருவரின் வரலாறு இதற்கு ஒளி தருகிறது.

ஒருவன் நசிகேதன். கடோபநிஷதம் காட்டும் அச்சிறுவன் யமனின் இல்லத்துக்குச் சென்றபோது யமன் அங்கு இல்லை. மூன்று இரவுகள் அவன் உண்ணாமல் காத்திருந்தான். திரும்பி வந்த யமன் காரணம் எதையும் கூறவில்லை. உலகின் உயிர்களை எல்லாம் அடக்கும் ஆற்றல் உடையவன், ஒரு சிறுவனை வணங்கி, பசித்திருந்த ஒவ்வோர் இரவுக்கும் ஒரு வரமாக மூன்று வரங்களைக் கேட்டுக்கொள்ளுமாறு வேண்டினான். காக்க வைத்த குறையை விருந்தளிப்பவன் தன்னுடையதாகவே ஏற்கிறான்.

மற்றொருவர் மகாபாரதத்தின் வனபர்வத்தில் வரும் கௌசிகர். மரத்தடியில் வேதம் ஓதிக்கொண்டிருந்த அவர்மீது ஒரு கொக்கு எச்சமிட்டது. அவர் சினந்து நோக்க, அது உயிரற்று விழுந்தது. பிறகு அவர் ஓர் இல்லத்தின் முன் நின்று பிச்சை கேட்டார். இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே சென்ற இல்லத்தரசி, அந்நேரம் பசியோடு வந்த கணவனுக்குப் பணிவிடை செய்வதில் ஈடுபட்டாள். நினைவு வந்ததும் நாணத்தோடு வெளியே வந்தாள். கௌசிகர் கனன்று கொண்டிருந்தார். தான் கொக்கு அல்ல என்று அவள் அமைதியாகக் கூறினாள். கோபமே மனிதனின் உடலில் குடியிருக்கும் பகைவன் என்றும் உணர்த்தினாள். தர்மத்தை அறிய மிதிலையில் உள்ள வியாதனிடம் செல்லுமாறு வழிகாட்டினாள்.

மிதிலையில் அவர் கண்டது ஓர் இறைச்சிக் கடை. வியாதனைச் சுற்றி வாங்குவோர் கூட்டம். கௌசிகர் ஒதுங்கி நின்றார். முன்பு ஒரு வீட்டு வாசலில் பொறுக்க முடியாதவர், இப்போது சந்தை இரைச்சலின் நடுவே, ஒரு கடையின் ஓரத்தில் நிற்கக் கற்றுக்கொண்டார். பல அதிகாரங்களாக விரியும் உபதேசம் தொடங்கும் முன்பே அவருடைய கல்வி தொடங்கிவிட்டது. சுவாமி விவேகானந்தர் கர்மயோகச் சொற்பொழிவுகளில் இக்கதையைத் தம் போக்கில் எடுத்துக் கூறியது பலரும் அறிந்ததே.

இரு கதைகளும் சேர்ந்தே முழுமை பெறுகின்றன. உணவளிப்பவர் யமனைப் போலத் தாமதத்தைத் தம் குறையாகக் கொள்ள வேண்டும். உண்பவர் கௌசிகரைப் போல அதைத் தமக்கு நேர்ந்த அவமதிப்பாகக் கொள்ளலாகாது. கௌசிகர் விலை ஏதும் கொடுக்கவில்லையே, விலை கொடுத்தவருக்குக் கோபிக்க உரிமை இல்லையா என்று கேட்கலாம். விலை எதை வாங்குகிறது என்று ஆராய்ந்தால் விடை கிடைக்கும்.

விலை வாங்குவதும் வாங்காததும்

உணவின் தரம், அளவு, தூய்மை, உட்கார இடம், நேரத்துக்குள் கிடைக்கும் பணி ஆகியவை விலைக்குள் அடங்கும். இவற்றில் குறை இருந்தால் கேட்பது முறையே. கெட்டுப்போன சாம்பாரைக் கண்டும் வாய்மூடி இருப்பது அன்னத்தை இகழாமை ஆகாது. அடுத்த மேசையில் இருப்பவருக்குச் செய்யும் துரோகமே ஆகும். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டமும், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் இதற்காகவே உள்ளன.

ஆனால் ஒரு மனிதனின் மானம் எந்த விலைப்பட்டியலிலும் இல்லை. பரிமாறுபவரை ஒருமையில் விளிப்பது, விரலைச் சொடுக்கி அழைப்பது, பலர் முன் பழிப்பது ஆகியவற்றுக்கான தொகையை யாரும் செலுத்தவில்லை. முறையீடும் அவமதிப்பும் ஒன்றல்ல. முறையீடு குறையை நோக்கிச் செல்கிறது. அதைத் திருத்தக் கூடியவரைத் தேடுகிறது. அவமதிப்போ, எதிரே நிற்பவருள் மிக எளியவர் யாரோ அவர்மீது பாய்கிறது. மேலாளரிடம் மென்மையாகவும் சர்வரிடம் கடுமையாகவும் பேசுகிறவர், தாம் நீதிக்காகப் போராடுவதாகச் சொல்ல முடியாது.

சமையலறையின் இயல்பைச் சற்று எண்ணிப் பார்த்தாலே பாதிக் கோபம் தணியும். பொங்கலும் இட்லியும் முன்பே ஆயத்தமாக இருக்கும்; கேட்டவுடன் வரும். தோசையோ கேட்ட பிறகு வார்க்கப்படுவது. ஒரு கல்லில் ஒரு நேரத்தில் சிலவற்றையே வார்க்க முடியும். பூரி எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டில் வந்தால்தான் சுவை. கூட்டம் மிகுந்த வேளையில் இருபது மேசைகளின் தேவைகள் ஒரே அடுப்பின் முன் வரிசையில் நிற்கின்றன. அடுப்பின் வேகத்துக்கும் உண்பவரின் பசிக்கும் நடுவே நிற்கிறார் பரிமாறுபவர். இரண்டில் எதுவும் அவர் கையில் இல்லை; இரண்டின் வெப்பமும் அவர்மீதே படுகிறது.

புன்னகை நடிப்பா?

விருந்தினரின் மனம் எவ்வளவு மென்மையானது என்பதை உணர்த்தவே திருவள்ளுவர் அனிச்ச மலரை உவமையாகக் கொண்டார். உபசரிப்பவரின் முகம் சற்றே மாறினாலும் விருந்தினர் வாடிவிடுவார் என்பது அதன் கருத்து. ஊதியத்துக்காகக் காட்டப்படும் முகமலர்ச்சிக்கு இது பொருந்துமா?

மிதிலையின் வியாதனை மீண்டும் நினைக்கலாம். அவன் இறைச்சியை விற்றான், விலை பெற்றான். அதனால் அவனுடைய தர்மம் குறைந்துவிடவில்லை. ஊதியம் ஒரு செயலைத் தொடங்கி வைக்கலாம். அது எப்படிச் செய்யப்படுகிறது என்பதை ஊதியம் முடிவு செய்வதில்லை. மருத்துவமனைச் செவிலியும் சம்பளம் பெறுகிறார். நள்ளிரவில் நோயாளியின் நெற்றியில் வைக்கும் கையின் பரிவு சம்பளக் கணக்கில் வருவதில்லை. அதுபோலவே, முதியவர் ஒருவர் மெல்ல உண்பதைக் கண்டு, இலையை எடுக்க அவசரப்படாமல் நிற்கும் பரிமாறுபவர் வேலையைத்தான் செய்கிறார்; வேலைக்கு மேலும் ஒன்றைச் செய்கிறார். மழலைக்குக் காரமில்லாமல் கொண்டுவருவதும், தனியே வந்த மாணவனிடம் இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமா என்று கேட்பதும் அத்தகையவையே. விலைக்குள் விருந்து நுழைவது இந்த இடைவெளிகளில்தான்.

எனினும் இத்தகைய பரிவைப் பயிற்சி ஏட்டில் எழுதி ஏவ முடியாது. மன நிறைவோடு இருப்பவரிடம்தான் அது ஊறும். எனவே கேள்வி இப்போது உரிமையாளரிடம் செல்கிறது.

முதல் விருந்தினர்

பல மணி நேரம் நின்றுகொண்டே உழைப்பவருக்கு உட்கார ஓர் இடமும், உரிய நேரத்தில் உணவும், வாழப் போதுமான ஊதியமும் கிடைக்காத இடத்தில் விருந்தோம்பல் என்ற சொல் வெறும் அலங்காரமே. உணவகத்தின் முதல் விருந்தினர் அங்கு பணிபுரிபவரே.

பெங்களூரின் மாவள்ளி டிஃபன் ரூம்ஸ் 1924-இல் தொடங்கப்பட்டது. அதை நடத்திய யக்ஞநாராயண மையா 1951-இல் ஐரோப்பா சென்று, அங்குள்ள உணவகங்களின் தூய்மையைக் கண்டு வந்து, பாத்திரங்களைக் கிருமி நீக்கித் தூய்மை செய்யும் முறையைத் தம் உணவகத்தில் புகுத்தினார். வருபவர்கள் சமையலறையைப் பார்த்துச் செல்லலாம் என்பதும் அங்கு வழக்கமாயிற்று. மறைக்க ஒன்றுமில்லை என்பதைவிடச் சிறந்த உபசாரம் எது? 1975-இல் நெருக்கடி நிலைக் காலத்தில் உணவின் விலையை அரசு மிகவும் குறைத்தபோது, தரத்தைக் குறைத்துக்கொள்ள அந்நிறுவனம் விரும்பவில்லை. உணவகம் சில காலம் மூடப்பட்டது. பணியாளர்களை வெளியே அனுப்பாமல் காக்கும் வழியாக, மாவு வகைகளையும் பொடி வகைகளையும் பொட்டலமிட்டு விற்கும் தொழில் பிறந்தது. உண்பவருக்கும் உழைப்பவருக்கும் ஒருசேர நேர்மையாக இருக்க முடியும் என்பதற்கு இது ஒரு சான்று.

மற்றொரு சான்று இந்தியன் காபி ஹவுஸ். 1936-இல் மும்பையில் தொடங்கிய காபி ஹவுஸ் பின்னர் பல நகரங்களுக்குப் பரவிக் காபி வாரியத்தின் நிர்வாகத்தில் இருந்தது. 1950-களின் நடுவில் அவற்றை மூட வாரியம் முடிவு செய்ய, தொழிலாளர்கள் வேலை இழந்தனர். ஏ.கே. கோபாலனின் வழிகாட்டுதலில் அவர்கள் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தனர். 1957-இல் பெங்களூரிலும் டெல்லியிலும், 1958-இல் திருச்சூரிலும் தொடங்கிய அம்முயற்சி நாட்டின் பல பகுதிகளில் வேர்விட்டது. வெள்ளைச் சீருடையும் விசிறி வைத்த தலைப்பாகையுமாகக் காபி கொண்டுவருபவர், அந்நிறுவனத்தின் பங்காளியும் ஆவார். ஒரு கோப்பையோடு நெடுநேரம் உரையாடிக் கொண்டிருப்பவரை எழுப்பி விரட்டும் வழக்கம் அங்கு வளரவில்லை. தன் வீடு என்று உணர்பவரால்தான் பிறரை வரவேற்க முடியும்.

இங்கு வேறொன்றும் நினைவுகூரத் தக்கது. மேசை துடைக்கும் சிறுவன் என்பது இந்நாட்டு உணவகங்களில் நெடுங்காலம் இயல்பான காட்சியாக இருந்தது. 2006 அக்டோபர் 10 முதல் ஓட்டல்களிலும் தேநீர்க் கடைகளிலும் சாலையோர தாபாக்களிலும் 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பது தடை செய்யப்பட்டது. 2016-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் அத்தடையை எல்லாத் தொழில்களுக்கும் விரித்தது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவது போன்ற சிலவற்றுக்கே விலக்கு உண்டு. அச்சிறுவன் தங்கள் கண்முன் நின்றபோதும், சட்டம் சொல்லும் வரை பெரும்பாலோர் அவனைக் காணவில்லை. பசியாறும் அவசரத்தில் எதிரே நிற்பவரைக் காணாமல் போவதே உணவகத்தில் நிகழும் பெரும் பிழை.

கொடையும் கட்டணமும்

உண்டு முடித்தபின் மேசையில் வைக்கப்படும் டிப்ஸ் தொகையும் ஓர் அறக் கேள்வியை எழுப்புகிறது. அது நன்றியா, பிச்சையா, கடமையா? 2022 ஜூலை 4 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், உணவகங்கள் தாமாகவே பில்லில் சேவைக் கட்டணத்தைச் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. உணவக உரிமையாளர் அமைப்புகள் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்நெறிகளை உறுதி செய்தது.

கொடை என்பது மனமுவந்து தருவது. கட்டாயத்தில் அது தன் இயல்பை இழக்கிறது என்பதே இதன் உட்பொருள். ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. கட்டாயம் இல்லை என்பதைக் கொடுக்காமல் இருக்க ஒரு சாக்காகக் கொள்பவர், சட்டத்தை அறிந்தவரே அன்றி நன்றியை அறிந்தவர் அல்லர். வாழும் அளவுக்கு ஊதியம் கொடுக்காமல் டிப்ஸ் வரும் என்று காட்டும் உரிமையாளரும், தம் கடமையை உண்பவரின் தலையில் ஏற்றுகிறவரே. ஊதியம் நீதியைச் சேர்ந்தது; டிப்ஸ் அன்பைச் சேர்ந்தது. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது.

பணம் திறந்த கதவும் மூடிய கதவும்

விருந்தோம்பலைப் பணம் மாசுபடுத்தியது என்று மட்டும் கூறுவது முழு உண்மை ஆகாது. வீட்டு விருந்துக்கு ஒரு குறை உண்டு. அது தன் விருந்தினரைத் தேர்ந்தெடுக்கிறது. உறவு, குலம், நட்பு ஆகியவற்றின் எல்லைக்குள் அது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அந்நியர் ஆட்சிக் காலத்தில் இரயில் நிலையங்களில் குடிநீரும் இந்துக்களுக்கு வேறு, முகமதியருக்கு வேறு என்று வழங்கப்பட்டது. ஓட்டல்களில் சாதிக்கொரு அறை இருந்தது. தேநீர்க் கடைகளில் சிலருக்குத் தனிக் குவளை வைக்கப்பட்டது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு, மதம், சாதி, பாலினம், பிறந்த இடம் முதலியவற்றைக் காரணமாகக் காட்டி உணவகங்களிலும் ஓட்டல்களிலும் யாரையும் தடுக்கலாகாது என்று பெயர் சொல்லியே விதித்தது. தங்க வந்த எவரையும் விலக்காதே என்று பிருகுவல்லி சொன்னதை, நூற்றாண்டுகளுக்குப் பின் சட்டம் ஓட்டல் வாசலில் நிலைநாட்ட வேண்டியிருந்தது. முன்பின் அறியாத இருவர் எதிரெதிரே அமர்ந்து உண்ணும் பொது உணவகம், இவ்வகையில் ஒரு சமுதாய சாதனையே.

ஆயினும் பணம் திறந்த கதவைப் பணமே மூடவும் செய்கிறது. விலை கொடுக்க இயலாதவர் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறார். இதற்கு விடை தேடியவர்களும் உண்டு. அமிர்தசரஸ் பொற்கோயிலின் லங்கரில் நாள்தோறும் பல்லாயிரம் பேர் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து விலையின்றி உண்கிறார்கள். செல்வரும் ஏழையும் ரொட்டியை இரு கைகளையும் ஏந்தியே பெறுகிறார்கள். அகமதாபாத்தில் 2000-களில் தொடங்கப்பட்ட சேவா கஃபே வேறொரு சோதனையைச் செய்தது. தொண்டர்கள் சமைத்துப் பரிமாறினர். பில்லில் தொகை பூஜ்யம் என்று இருந்தது. முன்பு வந்த யாரோ அவ்வுணவுக்குக் கொடுத்துவிட்டார்கள், விருப்பமானால் அடுத்து வருபவருக்காகக் கொடுக்கலாம் என்பதே ஏற்பாடு. எல்லா உணவகங்களும் இப்படி நடைபெற இயலாது. ஆனால் விலைக்கும் விருந்துக்கும் இடையே உள்ள சுவர் கல்லால் ஆனதன்று என்பதை இவை காட்டுகின்றன.

அதிதி யார்?

திதி குறிக்காமல் வருபவர் அதிதி என்று பெரியோர் பொருள் கூறுவர். தன் ஊரையும் உறவையும் விட்டு வந்து, பிறர் வாசலில் நிற்பவர் அவர். இன்றைய பெருநகர உணவகத்தில் இந்த இலக்கணம் யாருக்குப் பொருந்துகிறது? உண்ண வந்தவர் பெரும்பாலும் உண்டபின் தம் வீட்டுக்குத் திரும்பிச் செல்கிறார். பரிமாறுபவரோ பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர். அறியாத மொழியில் நான்கு சொற்களைக் கற்றுக்கொண்டு, தம் நாவுக்குப் பழகாத உணவைத் தட்டில் ஏந்தி வருகிறார். இரவில் பலரோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு உறங்குகிறார். அந்த நகரத்துக்கு அவரே அதிதி.

இதை உணர்ந்தால் உண்பவரின் நடத்தையில் பெரிய மாற்றங்கள் தேவைப்படா. சிறியவை தாமே வரும். அழைக்கும் குரலில் மரியாதை வரும். தேவைக்கு மேல் வரவழைத்து வீணாக்காத கட்டுப்பாடு வரும். குழந்தைகள் சிந்தியதைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு எழும் எண்ணம் வரும். காத்திருக்கும் நேரத்தில் கடிகாரத்தைப் பார்க்காமல், எதிரில் அமர்ந்திருக்கும் தம்மவரின் முகத்தைப் பார்க்கத் தோன்றும். பெற்றோர் சர்வரிடம் பேசும் முறையைக் குழந்தை பார்த்துக்கொண்டிருக்கிறது. எளியவரிடம் எப்படி நடக்க வேண்டும் என்ற பாடத்தை அது அந்த மேசையில்தான் கற்கிறது.

விலை, இரு அந்நியர்களை ஒரு மேசையின் இருபுறமும் கொண்டுவந்து நிறுத்துகிறது. அதன் பணி அவ்வளவே. அதற்குப் பின் அங்கு நிகழ்வது வணிகமா, விருந்தா என்பது அவ்விருவரின் உள்ளத்தைப் பொறுத்தது. கொடுப்பவர் வந்தவரிடத்தில் தெய்வத்தைக் காணட்டும். பெறுபவர் அன்னத்திலும், அதை ஏந்தி வரும் கைகளிலும் அதே தெய்வத்தைக் காணட்டும்.